மின்சாரம் தரும் ஜன்னல்: லயத்துக்கா, ஸ்டோருக்கா?

வெளிச்சத்தை உள்ளே விட்டபடியே மின்சாரமும் தரும் ஜன்னல் கண்ணாடி இலங்கையின் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களுக்கு உதவுமா? அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

சூரிய சக்தியில் கண்ணுக்குத் தெரியும் ஒளி பாதிக்கும் குறைவு. மீதியில் பெரும்பங்கு செந்நிறக்கீழ்க் கதிர், சிறுபங்கு கழியூதா. தெரிகிற ஒளியைப் போகவிட்டு, தெரியாத கதிர்களைப் பிடிப்பதுதான் நுட்பம். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லண்டின் குழு இதற்கொரு வழி காட்டியது. தெளிந்த தகட்டில் கலந்த சேதன மூலக்கூறுகள் அக்கதிர்களை விழுங்கி, இன்னும் நீண்ட அலைநீளத்தில் உமிழ்கின்றன. உமிழ்ந்ததில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முழுவுட்டெறிப்பால் வெளியேற முடியாமல் தகட்டின் ஓரத்துக்கே ஓடுகிறது. அங்கே ஒட்டிய மெல்லிய சூரியக்கலங்களில் இலத்திரன்கள் கிளம்பி மின்னோட்டமாகின்றன. அன்று கிடைத்த வினைத்திறன் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். நிறம் ஏற்றிய கண்ணாடி இதைவிடக் கூடுதலாகத் தரும். ஆனால் அறை இருளும். கூரையில் பொருத்தும் சாதாரணச் சூரியத் தகடு ஏறத்தாழ இருபது சதவீதம் தருகிறது.

இன்னொரு தடை சூரியனின் உயரம். பதுளை ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், உச்சி வெயில் ஆண்டு முழுவதும் உயரத்திலிருந்தே விழுகிறது. அந்நேரம் செங்குத்தான சுவரில் விழும் நேர்வெயில், சூரியன் மிகவும் சாயும் மார்கழியில்கூடப் பாதியளவே.

ஆகவே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தின் சிறிய ஜன்னலில் இந்தக் கண்ணாடியைப் பொருத்துவது காசுக்கேடு. லயத்தின் முதல் பிரச்சினை மின்சாரமும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் இதே மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் புதைந்தவை லயன் வீடுகள். இன்னும் அத்தகைய லயங்களில் இருப்பவர்களுக்கு முதலில் வேண்டியது சரியாத நிலத்தில் உறுதியான வீடு. வெயில் நேரே விழும் அதன் கூரையில் சாதாரணச் சூரியத் தகடு.

கண்ணாடிக்கு உரிய இடம் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேத்தன்ன போன்ற ஊவாத் தொழிற்சாலைகளின் மேல்மாடிகளில், கொழுந்து வாட்டும் தளங்களில், வரிசை வரிசையாக ஜன்னல்கள். கூரை சூரியத் தகடுகளால் நிரம்பிய பிறகு அவற்றையும் பயன்படுத்தலாம். அப்போதும் கிழக்குப் பக்கத்துக்கே முதலிடம்: ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை வருமுன் காலை வெயில் அங்கேதான் விழுகிறது.

2016இல் அரசாங்கம் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் வீட்டுக் கூரைகளை மின்நிலையமாக்க அழைத்தது. லயத்தின் கூரையோ தோட்ட நிர்வாகத்துடையது. காணி உறுதி குடும்பத்தின் பெயரில் வராதவரை அந்த அழைப்பு தோட்டத்தை எட்டாது.