நம்ம வீட்டுப் பிள்ளை வக்கீலாகட்டும்

வெள்ளாமை வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்தால் வேளாண் கல்லூரி, இல்லாவிட்டால் இன்ஜினியரிங் என்றுதான் பேசுகிறோம். சட்டம் படிக்கச் சொல்லும் வீடு குறைவு.

நொய்யல் கதையைப் பாருங்க. திருப்பூர் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறும் நிலமும் உப்பேறிப் போச்சு. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று 2006-இல் தீர்ப்பு. அதை மீறிய பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உத்தரவு. இதற்கெல்லாம் அடித்தளம் பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கு. மாசு செய்தவனே இழப்பைக் கட்டணும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் அதில்தான் நம் நாட்டுச் சட்டமாக ஏற்றது.

அந்தக் காலம் மாறிவிட்டது. 2010 சட்டப்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வந்தது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. நீதிபதியோடு சுற்றுச்சூழல் நிபுணரும் உட்கார்ந்து விசாரிக்கிறார். அங்கே வாய்ச்சவடால் எடுபடாது. எந்த சர்வே நம்பர், எந்தத் தேதி, நீரில் உப்பு எவ்வளவு என்று கேட்பாங்க. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போடணும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீடு கேட்க 5 வருடம். இந்தக் கெடு தெரியாமல் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தே நாளைக் கடத்தினால் வழக்கே நிற்காது.

இன்னொரு மாற்றம், நமக்குச் சாதகமென்று சொல்ல முடியாதது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு சிறைத்தண்டனை உண்டு. 2024 ஏப்ரல் முதல் அதற்குப் பதில் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். விதிப்பது நீதிமன்றமல்ல, ஓர் அதிகாரி. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு காசா? ஆக, இனி வரும் வக்கீலுக்குக் கோர்ட்டில் வாதாடினால் மட்டும் போதாது. அதிகாரி முன் ஆதாரம் வைக்கவும், இழப்பை ரூபாய்க் கணக்காக்கவும் தெரியணும்.

இங்கேதான் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பலம். மண் பரிசோதனை அறிக்கையும் அடங்கலும் அவர்களுக்குப் புதுசில்லை. பிளஸ் டூ முடித்தால் 5 வருடப் படிப்பு, பி.எஸ்சி. அக்ரி மாதிரி ஒரு பட்டம் இருந்தால் 3 வருடம். பிறகு பார் கவுன்சில் பதிவு, அகில இந்தியத் தேர்வு. ஜூனியராக இருக்கும் முதல் சில வருடம் வருமானம் சொற்பம்தான், மறைக்க வேண்டாம். கம்பெனிகளுக்கு விதிமுறை ஆலோசனை சொல்லும் வேலையில்தான் காசு அதிகம். அதில் கொஞ்ச காலம் இருந்து எதிர்த்தரப்பின் கோப்பு எப்படித் தயாராகிறது என்று கற்றுவருவதும் தப்பில்லை.

பிள்ளை படித்து வருவதற்குள் நாம் செய்ய ஒன்று உண்டு. பக்கத்தில் ஆலை இருக்கிறவர்கள் வருடம் இருமுறை, கோடையிலும் மழைக்குப் பிறகும், கிணற்று நீரைப் பரிசோதித்து, தேதியிட்ட அறிக்கையை சர்வே நம்பரோடு கோப்பில் போட்டு வையுங்க.