நீர் மாத்திரையும் இளநீரும்

மலேசியாவின் பெர்ணம் ஆற்றங்கரையில் தென்னையும் செம்பனையும் அடர்ந்த ஹுத்தான் மெலிந்தாங் போன்ற தோட்டத்து ஊர்களில், கால் வீக்கத்துக்கோ இரத்தக் கொதிப்புக்கோ நீர் மாத்திரை விழுங்கும் முதியவர்கள், அது சரீரத்திலுள்ள ஜலத்தை வெளியே துரத்துகிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்த மாத்திரை கைவைப்பது ஜலத்தின்மீதன்று, உப்பின்மீது.

ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் நூற்றுக்கு 99 பங்கை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட, சுமார் ஒன்றரை லிட்டரே சிறுநீராகக் கழிகிறது. அதிலும் 95 சதவிகிதம் தண்ணீர்தான். எஞ்சியதில் முதன்மையானது, நாம் உண்ட பருப்பும் மீனும் விட்டுச்சென்ற யூரியா. 1828இல் ஜெர்மானியரான வோலர், ஜீவசரீரத்தின் உதவியின்றியே ஆக்கிக்காட்டி ரசாயன உலகைத் திகைக்கவைத்த பொருள் அதுவே. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கிரியேட்டினின் ஆகியவையும், மூப்படைந்த சிவப்பணுக்களின் சிதைவிலிருந்து பிறந்து மஞ்சள் நிறம் தரும் பொருளும் உடன் வருவன. கருவாடு தின்ற நாளில் உப்பு மிகும். வெயிலில் வேலை செய்த நாளில் அளவு சுருங்கி நிறம் அடரும். சித்தர் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறிச் சோதனைகளில் சிறுநீரின் நிறத்தையும் அதில் இட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தையும் நம் வைத்தியர்கள் நோக்கினர். அத்துளிக்கு உப்பின் கணக்குத் தெரியுமென்று நான் நம்பவில்லையெனினும், பொறுமையாகப் பார்த்த அக்கண்களிடம் எனக்கு மதிப்புண்டு.

சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளாக 1920களில் பாதரச வகையும், 1950களின் இறுதியில் தயசைடு வகையும், அடுத்த பத்தாண்டில் ஃபுரோசிமைடும் வந்தன. இவற்றுள் ஃபுரோசிமைடு, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சோடியம் இரத்தத்துக்குத் திரும்பும் வழியை அடைத்துவிடுவதால், உப்பு குழாயிலேயே தங்க, ஜலமும் அதனோடு தங்கி வெளியேறுகிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும் இவ்வேகம் சுமார் ஆறு மணி நேரத்தில் அடங்கும். இரவில் விழுங்கினால் உறக்கம் போயிற்று.

சோடியத்தோடு பொட்டாசியமும் வீணாகப் போவதே இதன் சங்கடம். அது குறைந்தால் தசைகள் சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். ஒரு குவளையில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியமுள்ள இளநீர் அப்போது அனுகூலமாகத் தோன்றும். ஆனால் ஸ்பைரனோலாக்டோன் என்னும் நீர் மாத்திரையோ பொட்டாசியத்தைச் சரீரத்திலேயே நிறுத்திவைப்பது. அதை உண்பவருக்கும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், அதே இளநீர் பொட்டாசியத்தை அளவுக்குமேல் ஏற்றி இதயத்துக்கே ஆபத்தாகலாம். இரண்டுக்கும் நீர் மாத்திரை என்பதே பெயராதலால், உண்பது எதுவென்று வைத்தியரிடம் கேட்டறிந்த பிறகே தென்னையில் ஆளை ஏற்றுவது நலம்.