ப்ளூஸுக்குத் தொட்டுக்க ஊர்கா!

'ஊர்கா'! பேரைக் கேட்டதும் தயிர்சாதம் ஞாபகத்துக்கு வந்தா, நீங்க அக்மார்க் தமிழர். ஆனா, இது தட்டு ஓரத்துல வைக்கிற ஐட்டம் இல்லை பாஸ்... ஒரு மியூசிக் பேண்ட்! ப்ளூஸ், ரூட்ஸ், நாட்டுப்புறம் மூணையும் ஒரே ஜாடியில போட்டு ஊறவெச்ச தமிழ் இண்டிபெண்டென்ட் பேண்ட். 'மண்டேலா' (2021), 'மாவீரன்' (2023) படங்களுக்கு இசையமைச்ச பரத் சங்கர் இந்த ஜாடியில இருந்து வந்தவர்தான்.

எங்க ஹாஸ்டல்ல இந்தப் பேச்சை எடுத்தா, உடனே ஒரு குரல் வரும். "தமிழ்ல ப்ளூஸா? அது அமெரிக்காக்காரன் சோகம் மச்சி, நமக்கு செட் ஆகாது!" கிடார் வாசிக்கிற பசங்களே இப்படிச் சொல்றதுதான் கொடுமை. அதுவும் திருச்சியில உட்கார்ந்துக்கிட்டு!

முதல்ல தாளத்தைப் பார்ப்போம். ப்ளூஸ்ல 'ஷஃபிள்'னு ஒரு நடை உண்டு. ஒரு அடியை மூணாப் பிரிச்சு, நடுவுல இருக்கிறதை முழுங்கிட்டு, முதலையும் மூணாவதையும் மட்டும் வாசிக்கணும். நம்ம ஊர் கணக்குல இது திஸ்ர நடை. 'தகிட'வுல 'கி'யை விட்டுட்டுச் சொல்லிப் பாருங்க... தலை தானா ஆடும். நையாண்டி மேளத்துக்கு ஆடிப் பழகின காலுக்கு இதுல புதுசா கத்துக்க ஒண்ணுமே இல்லை.

அடுத்து சுரம். கிடார் க்ளாஸ்ல ஆரம்பத்துலயே சொல்லித்தர்ற 'மைனர் பென்டடானிக்' ஸ்கேல்ல அஞ்சே சுரம்தான். ச, க, ம, ப, நி. அதை ஸ்ரீரங்கத்துல பாட்டு க்ளாஸ் போற ஏதாவது ஒரு பொண்ணுகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. "அட, சுத்த தன்யாசி!"ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. ப்ளூஸ்காரங்க இது கூட ஒரு பிரதி மத்யமத்தை அப்பப்போ தொட்டுக்குவாங்க. ஊர்காதானே!

கிடார்ல ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் அதிர்வெண் சுமார் 1.06 மடங்கு ஏறும். ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடுவுல இருக்கிற சத்தமெல்லாம் அந்தக் கணக்குல சேராது. ஆனா ப்ளூஸோட உயிரே அந்த இடுக்குலதான் இருக்கு. 1903-ல் மிசிசிப்பியில டட்வைலர்ங்கிற சின்ன ரயில்வே ஸ்டேஷன்ல டபிள்யூ.சி.ஹேண்டி காத்துக்கிட்டிருந்தார். பக்கத்துல ஒருத்தர் கத்தியை கிடார் கம்பி மேல வழுக்கவிட்டு வாசிச்சுப் பாடினதைக் கேட்டு அசந்துட்டார். பின்னாடி தன் சுயசரிதையிலயும் எழுதினார். கம்பி மேல வழுக்குறது நமக்கு என்ன புதுசா? ஃப்ரெட்டே இல்லாத சித்திரவீணையில உருளைக் கட்டையை வழுக்கவிட்டுத்தான் கமகமே வாசிக்கிறாங்க. இந்த ரெண்டு பக்கமும் ஒருநாள் சந்திச்சது. 1995-ல் வந்த 'மும்தாஜ் மஹால்' ஆல்பத்துல அமெரிக்க ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹாலோட (ஆமாங்க, ஆள் பேரே அதுதான்!) சித்திரவீணை என்.ரவிகிரணும், மோகன வீணை விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து வாசிச்சாங்க. தேடிக் கேளுங்க. எது டெல்டா ப்ளூஸ், எது காவிரி டெல்டான்னு சில இடத்துல குழம்பும்!

அட, டெல்டான்னதும் ஞாபகம் வருது. பருத்திக்காட்டுல ஒருத்தர் அடியெடுத்துக் கொடுக்க, மத்தவங்க திருப்பிப் பாடின வேலைப் பாட்டுகள் ப்ளூஸோட வேர்கள்ல ஒண்ணு. நம்ம டெல்டாவுல அதே வேலையைச் செஞ்சது நடவுப் பாட்டு. சேத்துல நின்னவங்க பாடினது.

பிரச்னையே இங்கேதான் ஆரம்பிக்குது. மார்கழியில ஸ்ரீரங்கம் போனா அரையர் சேவை, கைத்தாளம், பாசுரம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி டோல்கேட் பக்கம் போனா தப்பு. ரெண்டையும் கேட்டு வளருது திருச்சிக் காது. ஆனா ஒண்ணைக் கும்பிட்டுக் கேட்கிறோம், இன்னொண்ணை 'சாவு மேளம்'னு ஒதுக்கறோம். காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல 'ஃபோக் ஃப்யூஷன்'னு பேர் வெச்சா மட்டும் தப்பு வேணும். கடைசி ரெண்டு நிமிஷம் அந்த அண்ணன்கள் மேடையேறி அரங்கத்தையே அதிரவிட்டு இறங்கிடுவாங்க. போஸ்டர்ல கிடார், பேஸ், கீபோர்டு எல்லார் பேரும் இருக்கும். அவங்களுக்கு 'குழுவினர்'னு ஒரே வார்த்தை!

அமெரிக்காவுலயும் இதே கதைதான். ப்ளூஸ் பாட்டு எழுதின வில்லி டிக்சன், 1985-ல் லெட் செப்லின் மேல கேஸ் போட்டார். தன்னோட பாட்டுல இருந்து எடுத்துட்டு, தன் பேரைப் போடலைங்கிறது புகார். 1987-ல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடிச்சாங்க. அப்புறம்தான் பாட்டுக்குக் கீழே அவர் பேரும் வந்தது. உலகமே ஹம் பண்ணின பாட்டுய்யா அது!

இதை நம்ம பக்கத்துல நேருக்கு நேரா கேட்டது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின பேண்ட். 2018 ஜனவரி 6-ம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்துல 19 பேர் ஒரே மேடையில ஏறினாங்க. கானா, ஒப்பாரி, ராப், ராக் எல்லாம் கலந்துகட்டி! அயோத்திதாசர் சொன்ன 'சாதியற்ற தமிழர்'தான் பேண்டோட பேரு. அங்கே பறை கடைசி ரெண்டு நிமிஷத்து மசாலா இல்லை. கிடாருக்குப் பக்கத்துலயே, அதே லைட்டுல நின்னது. சவுண்டு அவங்க கலக்கல் வேற, 'ஊர்கா' ருசி வேற. ஆனா திருச்சியில ப்ளூஸ்-ஃபோக் பேண்ட் ஆரம்பிக்கணும்னு துடிக்கிற பசங்க, ஷஃபிளை யூடியூப்ல கத்துக்கலாம்... மேடையில யார் எங்கே நிக்கணும்கிறதை இவங்ககிட்டதான் கத்துக்கணும்.

ஒரு சின்ன டெக்னிக்கல் மேட்டர் பாக்கி இருக்கு. பறை தோல் கருவி. ஈரக்காத்து பட்டா தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிடும். அதனாலதான் வாசிக்கிறதுக்கு முன்னாடி தீயில காய்ச்சி முறுக்கேத்துறாங்க. கிடாருக்கு ட்யூனர் மாதிரி பறைக்குத் தீ! ஏ.சி ஆடிட்டோரியத்துல கிடார் பசங்க அரை மணி நேரம் ட்யூன் பண்ணுவாங்க, 'செக் செக்'னு உயிரை எடுப்பாங்க. பறை அண்ணன்களை மட்டும் நேரா மேடைக்குத் தள்ளிவிட்டுட்டு, "என்னண்ணே, சத்தமே ஏறலை?"ன்னு கேட்பாங்க. அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு சவுண்டு செக் லிஸ்ட் எழுதறவங்க, ரெண்டு ஆம்ப், நாலு மைக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கோங்க... ஆடிட்டோரியத்துக்குப் பின்னாடி கொஞ்சம் திறந்தவெளி, ஒரு கட்டு வைக்கோல், ஒரு தீப்பெட்டி!