அசுவினிக்கு எமன்!

தபாலில் கடிதம் வரும். கல்யாணப் பத்திரிகை வரும். செத்த பூச்சி வருமா? அமெரிக்காவில், ஆர்க்கன்சா சர்வகலாசாலைக்கு வந்தது! சாராயம் ஊற்றிய சிறு புட்டிகளில் அசுவினிப் பூச்சிகளைப் போட்டு, பருத்தி விவசாயிகள் அங்கே அனுப்பி வைத்தார்கள். 1993-ம் ஆண்டில் தொடங்கிய ஏற்பாடு இது. எதற்காகத் தெரியுமா?

அசுவினி எள்ளளவுகூட இல்லாத பூச்சி. ஆனால் பருத்தி விவசாயிக்கு அது பெரும் தலைவலி. ஆண் துணை இல்லாமலே பெண் அசுவினி குட்டி போடும். சில நாட்களில் இலையின் அடிப்புறம் முழுவதும் நிறைந்துவிடும். அது கழிக்கும் பிசுபிசுப்பான திரவம் வெடித்த காயின் மீது பட்டால் பஞ்சு ஒட்டும், விலை சரியும்.

மருந்து அடித்தால் போகாதா? பல மருந்துகள் அசுவினிக்குப் பழகிவிட்டன. அதைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டுகள்தான் மருந்துக்குப் பலியாகின்றன!

காலில் ஒட்டும் காலன்

1989-ல் ஆர்க்கன்சா பருத்தி வயல் ஒன்றில் அசுவினிகள் ஒரு நோயால் மடிவதை நிபுணர்கள் கண்டார்கள். அவற்றைக் கொன்றது 'நியோசைகைட்டஸ் ப்ரெசெனி' என்ற பூஞ்சணம்.

பூச்சிகளைக் கொல்லும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இரையோடு வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும். அசுவினியோ இலையைக் கடிப்பதில்லை. ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை மட்டும் உறிஞ்சுகிறது. பூஞ்சணத்துக்கு வாய் வழி தேவையில்லை. தோலைத் துளைத்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிடும்.

செத்த அசுவினியின் உடலிலிருந்து இரவு நேரத்தில் வித்துகள் தெறித்துப் பறக்கின்றன. இலையில் விழுந்த வித்து, மயிரிழை போன்ற காம்பு ஒன்றை நிமிர்த்துகிறது. அதன் நுனியில் பசையுள்ள மற்றொரு வித்து காத்திருக்கும். அவ்வழியே நடந்து போகும் அசுவினியின் காலில் அது ஒட்டிக்கொண்டால், சுமார் மூன்றே நாளில் கதை முடிந்தது!

நூற்றுக்குப் பதினைந்து

ஆனால் இந்தப் பூஞ்சணத்தைப் புட்டியில் அடைத்து விற்பது எளிதல்ல. ஆராய்ச்சி சாலையில் வளர்ப்பது கடினம். அது தானாகவே வயலில் தோன்ற வேண்டும். தோன்றியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தத் தபால் ஏற்பாடு. டாக்டர் டொனால்ட் ஸ்டெயின்க்ராஸ் என்ற பூச்சியியல் நிபுணர் இதை நடத்தினார்.

வந்த பூச்சிகளை நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து பூச்சிகளில் பூஞ்சணம் இருந்தால், சுமார் ஒரு வாரத்தில் அசுவினிக் கூட்டம் சரியத் தொடங்கும் என்று எதிர்பார்க்கலாம். பாதிக்குப் பாதி இருந்தால் இன்னும் சீக்கிரம். 'மருந்து அடிக்காதீர்கள், பொறுங்கள்' என்று விவசாயிக்குத் தகவல் போகும். மருந்துச் செலவு மிச்சம், பொறிவண்டும் பிழைத்தது! பூஞ்சணமே காணோம் என்றால், மருந்து வேண்டுமா என்பதை விவசாயி வேறு கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிரில் பூச்சியைக் கண்டதும் கை தெளிப்பானைத் தேடுவது இயல்பு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஆர்க்கன்சாவில் பொறுத்தவர் பருத்தியைக் காத்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல, பூச்சியைச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பொறுத்தார்!