அரைமண்டியும் நடுவுடலின் பலமும்

ஆழ்வார்பேட்டை நாரத கான சபையின் மேடையில் பரதநாட்டியம் காண்போரின் கண்கள் இயல்பாகவே முகபாவத்திலும் கை முத்திரைகளிலும் சென்று தங்கும். வர்ணம் என்னும் நீண்ட உருப்படியின் நடுவே தீர்மானம் என்னும் தாள ஆட்டம் தொடங்கி, ஜதிகளாகிய தாளச் சொற்கள் துரித காலத்தில் பொழிய, பாதங்கள் தரையை ஓங்கித் தட்டும் வேளையில், ஆடுபவரின் இடுப்பைச் சற்றே கவனித்தால் ஓர் அருமை புலப்படும். கால்கள் அத்தனை வேகமாக இயங்கியும் இடுப்பு ஏறி இறங்குவதில்லை, தலை ஆடுவதில்லை, முதுகு நிமிர்ந்தபடியே இருக்கிறது. இயக்கத்தின் நடுவில் இந்த ஸ்திரத்தன்மையை அளிப்பதுதான், இக்காலத்து வைத்தியர்களும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் 'கோர்' என்று சொல்லும் நடுவுடலின் பலம்.

இளைஞர்கள் கண்ணாடி முன் நின்று பெருமையோடு நோக்கும் முன்வயிற்றுத் தசை இதில் ஓர் அங்கமே. அதற்கும் உள்ளே, வயிற்றைச் சுற்றி வளைத்துக் குறுக்காக ஓடும் தசையும், மேலே சுவாசத்தை நடத்தும் உதரவிதானமும், கீழே இடுப்புத் தளத் தசைகளும், பின்னே முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும் உண்டு. இருபுறமும் தோல் போர்த்திச் சுற்றிலும் வாரால் இழுத்துக் கட்டிய மிருதங்கத்தைப் போல, இவை அனைத்தும் ஒருங்கே இறுகும்போது வயிற்றினுள் அழுத்தம் உயர்ந்து முதுகெலும்புக்கு ஆதாரமாகிறது.

இவ்வாதாரம் எத்துணை அவசியம் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த மனோகர் பஞ்சாபி முதலியோர் விளக்கியுள்ளனர். தசைகள் நீக்கப்பட்ட கீழ்முதுகெலும்பு, ஏறக்குறைய 9 கிலோ பாரத்திலேயே வளைந்து சரிந்துவிடுமாம். நம் மேலுடலின் எடையோ அதைப்போல் பன்மடங்கு. எலும்பும் தசைநாரும், தசைகள், அவற்றை ஆளும் நரம்பு மண்டலம் ஆகிய மூன்றும் இசைந்தே முதுகைக் காக்கின்றன என்று 1992-இல் பஞ்சாபி வரையறுத்தார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒருவர் கையை விரைந்து உயர்த்தும்போது, தோள் தசை இயங்குவதற்கு முன்பாகவே வயிற்றின் குறுக்குத் தசை விழித்துக்கொள்கிறது. கீழ்முதுகு வலி உடையவர்களிடமோ அந்த விழிப்பு தாமதமாகிறது. ஆகவே, நடுவுடலுக்கு வலிமையோடு காலம் தவறாமையும் வேண்டும்.

நாட்டியப் பயிற்சி இதனைக் கண்கூடாகக் காட்டுகிறது. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால்களை வெளிப்புறம் மடக்கி, முதுகு நிமிர அரையளவு தாழ்ந்து நிற்பது அரைமண்டி. ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டி, 'தெய்யா தெய்' என்ற சொற்கட்டை முதற்காலத்தில் நிதானமாகச் சொல்ல, தட்டடவு என்னும் அடிப்படைப் பாத அசைவைப் பயிலும் சிறுமி ஒரு காலை உயர்த்தும் கணத்தில், உடலின் பாரம் முழுவதும் மறுகாலுக்கு மாறுகிறது. அக்கணத்தில் நடுவுடல் தளர்ந்திருந்தால், இடுப்பெலும்பு முன்னே சரிய, கீழ்முதுகு உட்குழிந்து, பின்புறம் வெளியே தள்ளும்; தொடை இடுப்பு மூட்டிலிருந்து திரும்பாவிட்டால் முழங்கால் முறுக்குண்டு நோகும். மெதுவான முதற்காலத்தில் பழகாத நிலையை விரைவான மூன்றாம் காலத்தில் எவராலும் காக்க முடியாது. ஆசிரியர்கள் மாதக்கணக்கில் மெதுவாகத் தட்டவைப்பதன் பயன் இதுவே.

நடனம் பயிலாதோர்க்குச் சுவாசம் ஒரு நல்ல வாயில். நூறாண்டு வாழ்ந்து 1989-இல் மறைந்த யோகாசாரியர் கிருஷ்ணமாசாரியாரும், 1976-இல் சென்னையில் அவர் பெயரால் யோக மந்திரம் நிறுவிய அவருடைய புதல்வர் தேசிகாசாரும், ஆசனத்தின் ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு இணைத்தே கற்பித்தனர்: கைகளை உயர்த்துகையில் உள்மூச்சு, முன்னே குனிகையில் வெளிமூச்சு. நீண்டு செல்லும் வெளிமூச்சில் அடிவயிறு மெல்ல உள்வாங்கும்போது அந்தக் குறுக்குத் தசையே வேலை செய்கிறது.

நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்போர், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, மூச்சை அடக்காமல் மெதுவாக வெளிவிட்டு, அடிவயிற்றை இதமாக உள்ளிழுத்துப் பழகலாம். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும், படியேறும்போதும், பேரனைத் தூக்கும்போதும் அதனைக் கைக்கொள்ளலாம். முதுகு வலியுள்ளோரும் பிரசவித்த தாய்மாரும் வைத்தியரின் ஆலோசனையோடு தொடங்குதல் நலம். அவசரமின்றி, அன்றாடம் சிறிது நேரம் பழகினால், எந்த வயதிலும் இப்பலம் கைகூடும். முதுமையில் பிறர் கையை எதிர்பாராது எழுந்து நடமாடும் சுதந்திரத்துக்கு இதைவிட எளிய மூலதனம் வேறில்லை.