தொப்பூர் ஏற்றத்தில் காரின் குளிர்ச்சி

சேலத்திலிருந்து பெங்களூருச் சாலையில் வருகிறவர்கள், சித்திரை மாதத்து நடுப்பகலில் தொப்பூர்க் கணவாயை ஏறும்போது, பாரமேற்றிய லாரிகளின் பின்னால் வண்டி ஊர்ந்து செல்ல, அதுவரை சில்லென்று வீசிய ஏசி காற்று மெல்லச் சூடேறுவதை உணர்ந்து, யந்திரம் கெட்டுவிட்டதோ என்று கலங்குவதுண்டு. பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. அந்த ஏற்றத்தில் அதற்கு நேரும் சங்கடத்தை அறிந்துகொண்டால், காரின் குளிர்சாதனம் இயங்கும் முறையே விளங்கிவிடும்.

ஏசி குளிர்ச்சியை உற்பத்தி செய்வதில்லை; காருக்குள் இருக்கும் உஷ்ணத்தை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதைப்போல, எந்தத் திரவமும் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்ளும் என்ற இயற்கை நியதியே இதற்கு ஆதாரம். நம் கார்களில் பரவலாக வழங்கும் ஆர்-134ஏ என்ற வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள கூலிங் காயிலில் அது ஆவியாகி உஷ்ணத்தை ஏற்றுக்கொள்ள, என்ஜினின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் அதை இழுத்து அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்குத் தள்ள, அங்கே அது வெப்பத்தை இறக்கிவிட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துவாரத்தில் அழுத்தம் தணிந்து, மறுபடி காயிலுக்கே திரும்புகிறது.

கணவாயிலோ வேகம் குறைவதால் கண்டென்சரின் மேல் காற்றுப் படுவது குறைகிறது. என்ஜினும் தன் பலத்தையெல்லாம் ஏற்றத்துக்கே செலவிட நேர்கிறது. அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும், என்ஜின் அளவு மீறிச் சூடேறினாலும், கம்ப்ரஸர் தானே சற்று நின்றுவிடும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். 1939-ல் அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி அறிமுகம் செய்த குளிர்சாதனத்தில், கம்ப்ரஸரை நிறுத்த வேண்டுமானால் என்ஜினை அணைத்து, இறங்கி, பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது!

சமதரையிலும், ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது குளிராமற்போனால், கண்டென்சர் விசிறியையும், அதன் தகடுகளில் அப்பிய புழுதியையும் முதலில் பார்க்க வேண்டும். நிறுத்திய காரின் அடியில் நீர் சொட்டுவது காற்றின் ஈரமேயன்றிக் குறையன்று. அதே நீர் காலடியில் தேங்கினால், வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

இவற்றை எல்லாம் பாராமல், "கேஸ் குறைந்துவிட்டது, ஏற்றிவிடலாம்" என்று வருஷந்தோறும் காசு வாங்குவது பெரிய அநியாயம். மூடிய சுற்றில் ஓடும் அந்த வாயு செலவாகித் தீரும் வஸ்து அன்று. வெகுவாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. கம்ப்ரஸர் எண்ணெயும் உடன் கசிவதால், குழாய் இணைப்பில் புழுதி படிந்த கறை தென்படும். விரல் வைத்தால் பிசுபிசுக்கும். ஓஸோன் படலத்தை அரித்ததால் 1987-ன் மாண்ட்ரீல் ஒப்பந்தம் விலக்கிய பழைய ஆர்-12 வாயு போன்றதன்று இந்த ஆர்-134ஏ என்றாலும், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்க வல்லது. ஆகவே கசிவை அடைத்து, வாக்குவம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்த பிறகே, பானெட்டில் ஒட்டிய சீட்டில் குறித்திருக்கும் கிராம் அளவுக்கு நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். அளவு கூடினாலும் குளிர்ச்சி குறையும்.