ஒரே சனி, இரண்டு பெயர்ச்சி

2023-ல் சனி மகரத்திலிருந்து கும்பத்துக்கு இரண்டு தடவை போனது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாறில் விழா நடந்தது இந்தத் தேதியில்தான். எது அறிவியல், எது இல்லை என்று தத்துவத்தில் ஒரு பழைய கேள்வி உண்டு. அதை உரசிப் பார்க்க இதைவிட வசதியான கல் கிடைக்காது.

கார்ல் பாப்பர் சொன்ன அளவுகோல் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒரு கூற்று தப்பு என்று காட்ட வழி இருக்க வேண்டும். சரி, வாக்கியக் கணக்கை இதில் வைத்துப் பார்த்தால் அது பாஸ் ஆகிவிடுகிறது! சனி எங்கே இருக்கிறது என்று அது திட்டமாகச் சொல்கிறது, டெலஸ்கோப்பில் சரிபார்க்கலாம். டிசம்பர் 20 அன்று சனி, திருக்கணிதப்படி, கும்பத்துக்குள் ஏற்கெனவே சுமார் 8 பாகை போயிருந்தது. முழுநிலாவின் அகலம் அரை பாகைதான் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. லாரி லாடன் 1983-ல் மடக்கியது இங்கேதான்: பொய் என்று நிரூபணமானதெல்லாம் இந்த அளவுகோலில் அறிவியல் ஆகிவிடுமே?

ஆனா வாக்கிய முறையை மட்டமாகப் பேச எனக்கு மனசு வராது. 1825-ல் ஜான் வாரன் என்பவர் பாண்டிச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பார்த்தார். மனப்பாட வாக்கியங்கள், தரையில் சோழிகள், அவ்வளவுதான். ஓர் எண்கூட எழுதாமல் மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அருமையாக எழுதிய ஹார்ட்கோட் டேபிள். டேபிளை யாரும் அப்டேட் பண்ணலைன்னா பிழை சேர்ந்துகொண்டே போகும்.

அப்டேட் பண்ண முயன்றவரும் இங்கேயே இருந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். வானத்தில் பார்த்ததோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடி, தானே கணித்தும் வெளியிட்டார். பஞ்சாங்கம் அதேதான், வானம் ஒத்துழைக்காதபோது எதைத் திருத்துவது என்பதில்தான் வித்தியாசம். என் அளவுகோல் இதுதான். கூற்றை மட்டும் பார்த்தால் போதாது, தப்பு தெரிந்தபிறகு கூற்றுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்கணும்.

திருநள்ளாறில் மரபுப்படி ஒரு நாளில் எள் தீபம் ஏற்றுவது வழிபாடு. அது கூற்றே இல்லை, டெலஸ்கோப்புக்கு அங்கே வேலையும் இல்லை. சிக்கல் பலன் சொல்லும்போதுதான். மீன ராசிக்காரருக்கு ஏழரை ஜனவரியில் தொடங்கியதா, டிசம்பரிலா? இடைப்பட்ட பதினோரு மாசத்துக்கு இரண்டு பஞ்சாங்கமும் வேறு வேறு பலன் சொல்லியாக வேண்டும். ஒன்று தோற்றாக வேண்டும். இந்தப் போட்டிக்கு இரண்டு தரப்பும் ஆள் அனுப்புவதில்லை.

வேறொரு போட்டிக்கு ஆள் வந்தார்கள். ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிராவில் 27 ஜோதிடர்களுக்குத் தலா 40 ஜாதகம் கொடுத்தது: இவர் நன்றாகப் படிக்கும் மாணவரா, மனவளர்ச்சி குன்றியவரா? சராசரியாகச் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசு சுண்டினால் 50.